ஆலயம் செல்லாதவன் நல்லவனாதல் கூடுமோ?

ஆலயத்திற்குச் செல்பவன் நல்லவன், செல்லாதவன் ஒழுக்கங் கெட்டவன் என்று ஒரு சாரார் கூறுவர். செல்பவன் வேடதாரி, செல்லாதவனே அறிவாளி என்று மற்றொரு சாரார் கூறுவர். இரு சாராரும் மனிதனுடைய கால்கள் எத்திசை நடக்கின்றன என்பதைப் பார்க்கின்றனரேயன்றி, அவன் கைகள் செய்யும் காரியத்தைப் பார்ப்பதில்லை. இவ்விஷயத்தை வெறும் வாதத்தால் முடிவு கட்டுவதினும், ஒருவர் வாழ்ந்த வாழ்க்கையைக் கொண்டு ஆராய்வது நலம்.

சார்லஸ் டார்வின் என்னும் இயற்கை நூற் புலவரை வாசகர்கள் அறிவர். உயிரினங்கள் காலப்போக்கில் திரிந்து வேறு வேறாயின என்று 1859ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டு, பாதிரிமார் பலருடைய கோபத்திற்கு ஆளானவர். அவர் 1842ஆம் ஆண்டு முதல் 1882இல் இறக்கும் வரை, லண்டனுக்கு அண்மையில் அக்காலத்தில் கெண்ட் ஜில்லாவிலிருந்த டௌன் என்னும் சிற்றூரில் குடியிருந்தார். 1849ஆம் ஆண்டளவில் தேவாலயம் செல்வதை நிறுத்திவிட்டார். ஞாயிறு காலையில் மனைவியும் மக்களும் ஆராதனைக்குச் செல்வர். அவரோ வெளியே உலாவிக்கொண்டிருப்பார். 1851ஆம் ஆண்டில் பத்து வயது மகள் ஆனி நோயுற்று இறந்தாள். அக்குழந்தையின் பிரிவு, அவரிடம் எஞ்சியிருந்த நம்பிக்கையையும் மாய்த்தது என்று சரித்திரக்காரர் பலர் கருதுகின்றனர்.

ஆயினும் அவ்வூராரின் சுகதுக்கங்களை விட்டு அவர் விலகினாரில்லை. இதுவே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. உழைத்துப் பிழைக்கும் ஏழைகள் சிறு தொகை செலுத்தி, நோய் கண்ட காலத்தில் உதவி பெறுவதற்கென 1850ஆம் ஆண்டில் அங்கு ஒரு சகாய சங்கம் ஏற்பட்டது. சுமார் முப்பது ஆண்டுகள் டார்வினே அதன் பொக்கிஷதார். ஆண்டுதோறும் பெந்தெகொஸ்தே பண்டிகையை அடுத்த திங்கட்கிழமையன்று, அங்கத்தினர்கள் கொடி பிடித்து, வாத்தியம் முழங்க ஊர்வலமாய் வந்து அவர் வீட்டுப் புல்வெளியில் நிற்பர். உலகப் புகழ் பெற்ற அப்பெரியார் சங்கத்தின் பண நிலைமையை அவர்களுக்கு விளக்கி, பழகிப்போன வேடிக்கைப் பேச்சுகள் இரண்டொன்றும் சேர்த்துப் பேசுவார். பிறர் பணத்திற்கு முப்பது ஆண்டு கணக்குக் காட்டுவது லேசான காரியமன்று. சங்கம் நடத்திப் பார்த்தவர்கள் அறிவார்கள்! அவ்வூர்ப் பாதிரியாரான இன்னஸ் என்பவர் இத்தகைய காரியங்களில் அவருக்குத் தோழர். கொள்கையில் இருவரும் ஒன்றுபட்டது மிக அரிது. நட்போ முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

தேவாலயம் வாரம் ஒரு முறையேனும் அயலானின் முகத்தைப் பார்க்கச் செய்கிறது. யாருக்கு நோய், யாருக்குப் பசி என்று விசாரிக்க வைக்கிறது. அங்குச் செல்லாதவன் இவற்றை வேறு வழியில் செய்தேயாக வேண்டும். கோயிலை விட்டதனால் மிஞ்சிய நேரத்தைச் சீட்டாட்டத்திலும் திண்ணைப் பேச்சிலும் போக்குபவனைப் பகுத்தறிவாளன் என்று அழைக்க எமக்கு மனமில்லை. அவன் சோம்பேறி.

மனைவி எம்மாவின் நிலை இன்னும் கடினமானது. அவர் பக்தி மிக்கவர். மணமான புதிதில், கணவருடைய ஐயங்களை எண்ணித் தாம் அடைந்த கலக்கத்தையும், இருவரும் என்றென்றைக்கும் ஒருவர்க்கொருவர் உரியவராயிருக்க வேண்டுமென்னும் ஏக்கத்தையும் கடிதமாக எழுதிக் கொடுத்தார். டார்வின் அதனைப் பாதுகாத்து வைத்தார். தாம் இறந்தபின் மனைவி அறியவேண்டி, அதைப் பன்முறை முத்தமிட்டு அழுததாக அதன் அடியில் எழுதியும் வைத்தார். எம்மா தேவாலயம் சென்றுகொண்டேயிருந்தார். நம்மிடையே சீர்திருத்தம் பேசும் ஆண்மக்கள் சிலர், தம் கொள்கையின் பலத்தை முதலில் வீட்டுப் பெண்கள் மீதே காட்டுகின்றனர். அவர்கள் இக்கடிதத்தைச் சற்று நினைப்பார்களாக.

1871ஆம் ஆண்டில் பின்டன் என்னும் வேறொரு பாதிரியார் அவ்வூருக்கு வந்தார். தொழிலாளர்கள் குளிர்கால மாலைகளில் கூடிப் படிப்பதற்குப் பள்ளிக்கூட அறையைத் தர வேண்டுமென்று டார்வின் குடும்பத்தார் 1873ஆம் ஆண்டில் கேட்டனர். அவர் இணங்கவில்லை. கேட்டவர்கள் கல்வி இலாகாவுக்கு எழுதவே, தம்மை மீறிச் சென்றனர் என்று அவருக்குச் சினம் மூண்டது.

இவ்விடத்தில் நிறுத்தினால், ஆலயம் செல்லாதவர் நல்லவர், ஆலயத்தை ஆள்பவர் பொல்லாதவர் என்று கதை நமக்கு வசதியாக முடிந்துவிடும். நடந்தது அவ்வளவு வசதியானதன்று. 1880ஆம் ஆண்டை ஒட்டி, பீகன் என்னும் கிறிஸ்தவப் பிரசாரகர் அவ்வூரில் பிரார்த்தனைக் கூட்டங்கள் நடத்தினார். குடிகாரர்கள் குடியை விட்டனர். படிப்பகமாயிருந்த கூடத்தைத் தம் கூட்டங்களுக்குத் தருமாறு அவர் டார்வினுக்கு எழுதினார். அப்போது டார்வினுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. நீர் அனுமதி கேட்க வேண்டியதேயில்லை. எம்மினும் உமக்கே அதில் உரிமை மிகுதி. பல்லாண்டு முயன்றும் எம்மால் ஒரு குடிகாரனையும் திருத்த இயலவில்லை. உமது கூட்டங்களோ சில மாதங்களில் அதைச் சாதித்துவிட்டன என்னும் கருத்துப்பட அவர் பதில் எழுதினார். முப்பது ஆண்டு கணக்கெழுதிய கையால் இதனை எழுதுவது எளிதாயிருந்திராது. கூடம் பீகனுக்குக் கிடைத்தது.