பிறந்தநாள் விழாவும் வெறுங்கையும்

ஆறாந் தரத்தில் எம்மிடம் தமிழ் படிக்கும் மாணவி ஒருத்தி சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை பாடசாலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று தாயார் சொல்லியனுப்பினார். அடுத்த வாரம் வேறொரு காரியமாக அவரைச் சந்திக்க நேர்ந்தபொழுது பிள்ளையின் சுகம் விசாரித்தோம். சிறிது தயங்கிவிட்டு அவர் சொன்னார்: "காய்ச்சல் ஒண்டுமில்லை ரீச்சர். அண்டைக்குப் பின்னேரம் வகுப்புப் பிள்ளையின்ரை பிறந்தநாள். ஹோலிலை செய்தவை. எல்லாப் பிள்ளையளையும் கூப்பிட்டவை. வெறுங்கையோடை எப்பிடி அனுப்புறது? பள்ளிக்கூடத்துக்கு வந்தால் 'ஏன் வரேல்லை' எண்டு கேப்பினம். அதுதான் மறிச்சுப் போட்டன்."

அழைத்த வீட்டாரையும் நாம் அறிவோம். சிலரை அழைத்துச் சிலரை விட்டால் பிள்ளைகளின் மனம் நோகும் என்று கருதி, வகுப்பு முழுவதற்கும் அழைப்பு மடல் கொடுத்தவர்கள். அவர்களிடம் செருக்கு இல்லை. அழைக்கப்பட்ட தாயாரிடம் பொறாமையும் இல்லை. இரு பக்கத்திலும் நல்லெண்ணமே இருந்தது. ஆயினும் ஒரு பிள்ளை இல்லாத காய்ச்சலுடன் வீட்டிலே கிடந்தாள். நல்லெண்ணம் கொண்ட இருவரிடையே இத்தகைய தீங்கு எவ்வாறு விளைகின்றது? அற்பமான சம்பவம் என்று இதனைத் தள்ளிவிட எம்மால் இயலவில்லை.

தள்ள இயலாமைக்குச் சொந்தக் காரணமும் உண்டு. அவ்வாண்டு எமது மகளுக்கு ஏழு வயது நிறையவிருந்தது. கனடாவிலுள்ள மைத்துனர் தாம் பணம் அனுப்புவதாகவும், யாழ் நகரிலே 'நல்ல ஹோல்' ஒன்றிற் செய்யவேண்டும் என்றும் தொலைபேசியில் வற்புறுத்தினார். கணவரும் நாமும் ஒரு மண்டபத்துக்குச் சென்று விசாரித்தோம். வாடகை, சோடனை, சாப்பாடு, படப்பிடிப்பு ஆகிய நான்கையும் கூட்டியபோது எமது இரண்டு மாதச் சம்பளத்தை அத்தொகை விஞ்சியது. தொகையிலும் பார்க்க எம்மை வருத்தியது பெயர்ப்பட்டியல். யார் எமது பிள்ளைக்கு என்ன தந்தார்கள், யாருடைய விழாவுக்கு நாம் போகத் தவறினோம், யாரை விட்டால் யார் கதைப்பார்கள் என்று மூன்று இரவுகள் இருந்து எண்ணினோம். மூன்றாம் இரவு கணவர் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். பட்டியலில் வளர்ந்தவர்கள் நாற்பத்தேழு பேர். பிள்ளைகள் பதினான்கு பேர். விழாவுக்குரியவளிடம் அதுவரை எவரும் ஒன்றுமே கேட்கவில்லை.

மனச்சுமையின்றிப் பிள்ளைகளின் விழாவை நடத்துவது எப்படி என்று ஆலோசனை கூறுவோர் இக்காலத்திற் பலர். இடத்தை முன்கூட்டியே ஒழுங்கு செய், வேலைகளைப் பங்கிடு, எளிய உணவைத் தெரிந்தெடு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீட்டாதே என்பர். இவை பயனற்றவை அல்ல. இரவு ஒன்பது மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், கேக்கின் முன்னால் அழுதுகொண்டு நிற்கும் குழந்தையைக் கண்டவர்கள் இரண்டு மணி நேர விதியை உடனே ஏற்பார்கள். ஆனால் இவ்வாலோசனைகள் யாவும் மனச்சுமையை நிர்வாகக் குறைபாடாகவே கொள்கின்றன. கெட்டிக்காரத் தாய்க்கு அது இல்லை, ஒழுங்கற்ற தாய்க்கு உண்டு என்பது போல. அன்பளிப்பு வாங்க வழியின்றி மகளை வீட்டில் மறித்து வைத்த தாய்க்கு நேர அட்டவணையால் என்ன ஆறுதல்? மூன்று இரவுகள் பெயர் எண்ணிய எமக்குத்தான் என்ன ஆறுதல்? விழா பெரியவர்கள் தமக்குள் கணக்குத் தீர்க்கும் இடமாகிவிட்டது. சுமை அங்கிருந்தே பிறக்கின்றது.

எப்பொழுதும் அது அவ்வாறிருந்ததா? எமது முன்னோர் பிறந்தநாளைத் திகதியால் எண்ணியவர் அல்லர். பிறந்த மாதத்தில் வரும் பிறந்த நட்சத்திரமே அவர்களுக்குப் பிறந்தநாள். காலையில் முழுகி, கோயிலில் அருச்சனை செய்து, வீட்டிற் பாயாசம் காய்ச்சினால் அன்றைய கடமை முடிந்தது. குழந்தையை நடுவிலிருத்தி அயலைக் கூட்டும் கொண்டாட்டமாக யாழ்ப்பாணத்தில் விளங்கியது பல்லுக்கொழுக்கட்டை. முதற்பல் முளைத்ததும், பல்லுப்போலத் தேங்காய்ச் சொட்டுக் குத்திய கொழுக்கட்டை அவித்து, பாயில் இருத்திய குழந்தையின் தலைமீது துணி விரித்து அதன்மேற் சொரிவார்கள். முன்னாற் பரப்பியிருக்கும் புத்தகம், பேனை, நகை முதலியவற்றுள் பிள்ளை எதைத் தொடுகின்றது என்று சிரித்துக்கொண்டு பார்ப்பார்கள்.

கேக்கும் மெழுகுதிரியும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. பதினெட்டாம் நூற்றாண்டு ஜேர்மனியிலேயே பிள்ளைகளுக்காக அவ்வழக்கம் இருந்தது. கேக் வெட்டும்போது நாம் எல்லோரும் பாடும் ஆங்கிலப் பாட்டின் கதையோ தனியாகச் சொல்லத்தக்கது. அதன் மெட்டை, காலையில் வகுப்புக்கு வரும் குழந்தைகளை வாழ்த்தும் வேறொரு பாட்டுக்காக, 1893 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தவரான பற்றி ஹில், மில்ட்ரெட் ஹில் என்னும் சகோதரிகள் வெளியிட்டனர். பற்றி ஹில் பாலர் பள்ளி ஆசிரியை. பிறந்தநாள் வாழ்த்துச் சொற்கள் பின்னரே அம்மெட்டில் ஏறின. 1935 இல் ஒரு வெளியீட்டுக் கம்பனி அதற்குப் பதிப்புரிமை பதிந்தது. அதன் பின் திரைப்படத்திற் பாடுவோர் பணம் செலுத்த வேண்டியதாயிற்று. 2015 இல் கலிபோர்னியாவிலுள்ள சமஷ்டி நீதிமன்றமொன்று அவ்வுரிமைக் கோரிக்கை செல்லாது என்று தீர்த்தது. மறு ஆண்டு, அப்போது உரிமை கோரிவந்த கம்பனி 14 மில்லியன் டொலர் கொடுக்க இணங்கியது. ஓர் ஆசிரியை குழந்தைகளுக்குக் கொடுத்தது எண்பது ஆண்டுகள் தனியுடைமையாயிருந்து வாடகை ஈட்டியது! ஆசிரியத் தொழிலிலுள்ள நாம் இவ்விடத்தில் ஒரு கணம் நின்று பெருமூச்சு விட்டாற் பிழையில்லை.

இதனைக் கொண்டு, பழையது தூயது, புதியது கேடு என்று முடிவுகட்ட முயல்வோரிடம் ஒன்று கேட்க விரும்புகின்றோம். அந்தப் பல்லுக்கொழுக்கட்டைக்கு அயலிலிருந்த எல்லாப் பிள்ளைகளும் வந்தார்களா? வரவில்லை. வந்தவர்களும் ஒரே பாயில் இருக்கவில்லை. விறாந்தையில் இருந்தவர், முற்றத்தோடு நின்றவர், படலைக்கு வெளியே நின்று சிரட்டையில் வாங்கியவர் எனப் படிகள் பல இருந்தன. உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக ஆசனத்தில் இருக்கவேண்டும் என்ற விதி 1930 ஆம் ஆண்டளவில் வந்தபோது அதனை எதிர்த்து நின்றோரும், பாடசாலைகளுக்குத் தீ வைத்தோரும் இந்தக் குடாநாட்டவரே. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தும் போதவில்லை. அறுபதுகளின் பிற்பகுதியிலே சங்கானையிலும் சாவகச்சேரியிலும் தேநீர்க்கடைக்குள் இருந்து பொதுக் குவளையில் குடிப்பதற்கே மக்கள் போராட வேண்டியிருந்தது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலும் போராட வேண்டியிருந்தது. நகரத்து மண்டபத்தின் கதிரைகள் யாவும் ஒரே உயரமானவை. எவர் எதில் இருப்பது என்று அங்கு எவரும் கேட்பதில்லை. குலம் பார்த்துப் படலையில் மறித்த வீட்டிலும், வாடகை கொடுத்தவருக்குத் திறக்கும் மண்டபம் ஒரு படி மேலானதே. இந்நன்மையை மறைத்துவிட்டு ஆடம்பரத்தைக் கண்டிப்பவர் பாதி உண்மையையே பேசுகின்றார்.

ஆயினும், எவரும் மறிக்காத அம்மண்டபத்துக்கு எமது மாணவி போகவில்லை. வாயிற்காவலன் அங்கு இல்லை. அவளை மறித்தது வெறுங்கை.

பிரெஞ்சு நாட்டு அறிஞர் மார்ஸெல் மௌஸ் 1925 இல் வெளிவந்த தமது ஆய்விலே, அன்பளிப்பு என்பது விருப்பத்தால் நிகழ்வதுபோலத் தோன்றினும் மூன்று கடமைகளால் ஆனது என்று காட்டினார்: கொடுத்தல், ஏற்றல், திருப்பிச் செய்தல். பசிபிக் தீவுகளையும் வட அமெரிக்கப் பழங்குடிகளையும் பற்றி அவர் எழுதினார். எமது வீடுகளில் அன்பளிப்பு உறைகளைப் பிரித்துக் கொப்பியிற் பெயரும் தொகையும் எழுதுபவர்களுக்கு அவர் கூறியதில் ஒன்றும் புதிதில்லை. கலியாண வீட்டில் இக்கணக்குக்கு ஒரு நியாயம் உண்டு. அது இல்லாதவனுக்கு ஊர் கூடிக் கொடுக்கும் கைம்மாற்று. ஆனால் ஏழு வயதுப் பிள்ளையின் விழாவில் அக்கணக்கு நுழையும்போது, கொடுக்க இயலாதவரின் பிள்ளை ஏற்கவும் உரிமை இழக்கின்றது. வள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்தின் இறுதிக் குறளில் விருந்தினரின் மனம் மலரினும் மென்மையானது என்கிறார். வீட்டார் முகம் வேறுபட்டாலே அது வாடிவிடுமாம். இங்கே வீட்டார் முகம் வேறுபடவில்லை. விருந்தினர் வாசலுக்கு வருமுன்னரே வாடிவிட்டார்.

வெளிநாட்டுப் பணம் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது என்று சொல்வது எளிது. ஆசிரியர் ஓய்வறைகளில் நாள்தோறும் கேட்கும் வாக்கியம் அது. அது நீதியன்று. மைத்துனர் தம் மருமகளை இரண்டு தடவைதான் நேரிற் கண்டிருக்கிறார். வீடியோவில் வெளிச்சமும் கூட்டமும் கண்டால், தாம் விட்டுப்போன ஊர் சுகமாயிருக்கின்றது என்று ஆறுகின்றார். எமது தாயாரின் பிடிவாதத்துக்கோ இன்னும் ஆழமான வேர் உண்டு. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தார்கள். அடுத்த மாதம் எமக்கு ஐந்து வயது நிறைந்தது. இடம்பெயர்ந்திருந்த பாடசாலைக் கட்டடத்தில், ஜாம் போத்தல் விளக்கின் அருகில் எம்மை இருத்தி, ஒரு பனங்கட்டித் துண்டை உடைத்துப் பக்கத்துப் பாயிலிருந்த பிள்ளைகளுக்கும் அம்மா கொடுத்தார். இதனை எளிமையின் இலக்கணமாகக் காட்ட நாம் விரும்பவில்லை. அன்றிரவு அம்மா அழுதார். "எனக்கு ஏலாமற் போனதைப் பேத்திக்குச் செய்" என்று அவர் இன்று கேட்கும்போது, அது வீண் ஆடம்பரம் என்று விரிவுரை நிகழ்த்த எமக்கு வாய் வரவில்லை. மண்டபத்தின் வெளிச்சம் அந்த விளக்குக்கு அவர் சொல்ல விரும்பிய மறுமொழி. ஆனால் ஒரு துயரத்துக்குச் சொல்லும் மறுமொழி, இன்னொருவரின் பிள்ளையை வீட்டில் மறித்து வைக்குமானால்?

கடைசியில் மகளைக் கேட்டோம். அவள் கேட்டவை மூன்று: ஊஞ்சல், ஐஸ்கிரீம், பக்கத்து வாங்குச் சிநேகிதி. பிள்ளைகளின் உரிமைகள் பற்றிய 1989 ஆம் ஆண்டுச் சமவாயத்தின் 31 ஆம் உறுப்புரை ஓய்வையும் விளையாட்டையும் உரிமைகளாகக் கூறுகின்றது. இலங்கை அதனை 1991 இல் ஏற்றது. புலமைப்பரிசிற் பரீட்சைக்கெனப் பின்னேரங்களையெல்லாம் பறிகொடுக்கப்போகும் பிள்ளை, எந்தச் சமவாயத்தையும் படியாமலே அதைத்தான் கேட்டாள். பக்கத்து வாங்குச் சிநேகிதி யாரென்று விசாரித்தோம். காய்ச்சல் என்று நின்ற எமது மாணவியின் தங்கை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, பொது நூலகத்துக்கு அண்மையிலுள்ள சுப்பிரமணியம் பூங்காவிலே கூடினோம். பதினொரு பிள்ளைகள், அவர்களை அழைத்துவந்த பெற்றோர். ஒலிபெருக்கி இல்லை. படப்பிடிப்பாளர் இல்லை, மைத்துனருக்காகக் கணவர் தமது கைத்தொலைபேசியிற் சில படங்கள் எடுத்தார். அம்மா சுட்ட வடையும், கடையில் வாங்கிய சிறிய கேக்கும், ஐஸ்கிரீமும். ஊஞ்சலுக்கு வரிசையில் நின்றார்கள், சண்டை பிடித்தார்கள், ஒளித்துப் பிடித்து விளையாடினார்கள். ஒருவன் விழுந்து முழங்காலை உரசிக்கொண்டு அழுதான். ஆறு மணிக்கு முடிந்தது. கணவர் ஓட்டோ பிடிக்கப் போகும்போது, வெகு காலத்துக்குப் பின் களைப்பில்லாத ஒரு விழா என்றார். அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அது விழாவாகவே படவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

இத்துடன் எமது வெற்றியைப் பறைசாற்றி முடித்திருக்கலாம். ஒன்று தடுக்கின்றது. அழைப்பில் 'அன்பளிப்புத் தவிர்க்கவும்' என்று எழுதியிருந்தோம். அத்தாயாரை மனத்திற் கொண்டே எழுதினோம். அவர் இரு பிள்ளைகளுடனும் வந்தார். கையில் மூடியிட்ட எவர்சில்வர்ப் பாத்திரம். உள்ளே பயறு போட்ட கொழுக்கட்டை, இன்னும் சூடாக. நாம் அழைப்பை நினைவூட்ட வாயெடுத்தபோது அவர் முந்திக்கொண்டார்: "வெறுங்கையோடை வாங்கோ எண்டு எழுதினால் எப்பிடி ரீச்சர்? நாங்களும் மனிசர் தானே."

அவரைக் காக்கவென்று எழுதிய வரி அவரைத் தாழ்த்திவிட்டது. வாங்குவதற்கு மட்டும் வருக என்று ஒருவரை அழைப்பதும் ஒருவகைப் படலைதான். முன்னோர் கட்டியதிலும் நாகரிகமான படலை. கடை அன்பளிப்பின் விலை அவருக்கு எட்டவில்லையே அன்றி, கொடுக்கும் உரிமையை அவர் கைவிட்டாரில்லை. எழுதியிருக்க வேண்டியது வேறு ஏதோ வரி. 'அவரவர் வீட்டிற் செய்ததில் ஒரு பிடி' என்றா? அப்படி எழுதினால் வீட்டில் அடுப்பு எரியாத நாளில் அவர் என்ன செய்வார்? கணவருடன் இதைப்பற்றிப் பலமுறை பேசியும் தீரவில்லை.

கொழுக்கட்டைகளைப் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் முடித்தார்கள். கேக்கில் பாதி மிஞ்சியது. அவசரத்திற் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். வந்த பாத்திரத்தை வெறுமையாய் அனுப்புவது எம்மவரிடையே வழக்கமில்லை. அடுக்களையிற் கழுவிக் கவிழ்த்தபடி அது இருக்கின்றது. எதை இட்டு அனுப்புவது என்று அம்மாவிடம் கேட்டிருக்கின்றோம்.