அங்குசம் யார் கையில்?

2014 பிப்ரவரி 17, விடியற்காலை. அடிஸ் அபாபாவிலிருந்து ரோமுக்குக் கிளம்பிய எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானம் பாதை மாறி ஜெனிவா வானத்தில் வட்டமடித்தது. விமானி கழிவறைக்குப் போன நேரம் பார்த்து விமானி அறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்ட துணை விமானிதான் கடத்தல்காரர். உள்ளே 202 பேர். கூடவே பறந்து வந்தவை முதலில் இத்தாலியப் போர் விமானங்கள், பிறகு பிரெஞ்சு மிராஜ்கள். சுவிஸ் விமானம் ஒன்றுகூட மேலே கிளம்பவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதிலில் உலகமே சிரித்தது. சுவிஸ் விமானப்படைக்கு அப்போது அலுவலக நேரம் இருந்தது. காலை 8 மணிக்குத் தொடங்கி, மதியச் சாப்பாட்டுக்கு இடைவேளை விட்டு, மாலை 5 மணிக்கு முடிந்தது. சனி, ஞாயிறு விடுமுறை. கடத்தப்பட்ட விமானம் தரையிறங்கியதோ காலை 6 மணிக்கு. துணை விமானி ஜன்னல் வழியே கயிற்றைப் பிடித்து இறங்கி வந்து அடைக்கலம் கேட்டார். யாருக்கும் காயமில்லை.

சிரித்து முடித்தபின் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. அன்று சுவிட்சர்லாந்திடம் போர் விமானங்கள் இல்லாமல் இல்லை. எஃப்/ஏ-18 ஹார்னெட்கள் கொட்டகையில் நின்றுகொண்டுதான் இருந்தன. அவற்றை அந்நேரத்தில் ஓட்ட ஆளும் அதற்கான பணமும்தான் ஒதுக்கப்படவில்லை. இரவு பகலாகக் காவல் இருக்கும் ஏற்பாடு 2020 இறுதியில்தான் முழுமையானது. அதாவது, வானத்தைக் காப்பது வேறு, விமானம் வாங்குவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் இடத்தில்தான் சிறிய நாடுகளின் போர் விமானத் தேர்வில் அறச்சிக்கல் தொடங்குகிறது.

கேள்வியை நேராகவே வைக்கலாம். 41,285 சதுர கிலோமீட்டர் பரப்பும் ஏறக்குறைய 90 லட்சம் மக்களும் கொண்ட ஒரு நாடு, சுற்றிலும் நட்பு நாடுகளே இருக்கும்போது, தலைமுறை ஒன்றின் பணத்தைப் போர் விமானத்தில் கொட்டுவது நியாயமா? நியாயம் என்றால், எந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு?

வேண்டும் என்பவர்களின் வாதம் எளிதில் தள்ளிவிடக்கூடியது அல்ல. சுவிட்சர்லாந்து நடுநிலை நாடு. நடுநிலை என்பது சும்மா இருப்பது அன்று. 1907-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கைப்படி, நடுநிலை நாடு தன் நிலத்தைப் போரிடும் தரப்புகள் பயன்படுத்த விடக்கூடாது. வானத்துக்கும் அதே நெறியையே சுவிட்சர்லாந்து கடைப்பிடித்து வருகிறது. 2003-இல் இராக் போருக்காகப் பறக்கும் அமெரிக்க ராணுவ விமானங்களுக்குத் தன் வான்வழி கிடையாது என்று அது சொன்னது. இப்படி ‘கிடையாது’ என்று சொல்லும் நாட்டுக்கு, மீறி வருபவரை அருகில் சென்று பார்க்கவாவது ஒரு விமானம் வேண்டாமா?

இன்னொரு வாதம் இதைவிடக் கூர்மையானது. ஜெனிவா சம்பவத்தில் பிரெஞ்சு விமானங்கள் துணைக்கு வந்தன; ஆனால் சுவிஸ் வானத்தில் சுட்டு வீழ்த்தும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை, அது நாட்டின் இறையாண்மை என்று சுவிஸ் தரப்பே விளக்கியது. ஒருவேளை அந்தக் காலையில் நிலைமை முற்றியிருந்தால், 202 உயிர்களின் மேல் எடுக்க வேண்டிய முடிவு யாருடையதாக இருந்திருக்கும்? அத்தகைய முடிவை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டுக் கைகழுவுவது அமைதி விரும்புவதாகாது. தன் காவலுக்கு அடுத்தவர் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, தன் கையில் ரத்தக்கறை இல்லை என்று பெருமைப்படுவதும் அறமாகாது.

வேண்டாம் என்பவர்களிடமும் வலுவான நியாயம் உண்டு. நியூசிலாந்து 28 எஃப்-16 விமானங்களுக்கான ஒப்பந்தத்தை 2000-இல் ரத்து செய்தது. அடுத்த ஆண்டே தன் போர் விமானப் பிரிவைக் கலைத்தது. நாடு பறிபோகவில்லை. ஆனால் நியூசிலாந்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடல் இருக்கிறது. ஐரோப்பாவின் நடுவே, நாளும் பயணிகள் விமானங்கள் குறுக்கும் நெடுக்கும் பறக்கும் இடத்தில் சுவிட்சர்லாந்து இருக்கிறது. ஒருவருக்குப் பொருந்திய சட்டை மற்றவருக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. 1989-இல் வாக்களித்த சுவிஸ் மக்களிலேயே 35.6 சதவீதம் பேர் ராணுவமே வேண்டாம் என்றார்கள். அவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று ஒதுக்க முடியாது. ராணுவச் சேவை கட்டாயமாக இருந்த நாட்டில் வாழ்ந்து, அதை உள்ளிருந்து பார்த்தவர்கள் அவர்களில் பலர்.

ஆகவே ‘வேண்டுமா வேண்டாமா’ என்ற கேள்விக்கு எங்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. காவலுக்குச் சில விமானங்கள் வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டாலும், கேள்வி முடிந்துபோவதில்லை. எத்தகைய விமானம், என்ன விலையில், யாரிடம், யாருடைய சம்மதத்தோடு? அறத்தின் எடை இந்த இரண்டாவது கேள்வியில்தான் அதிகம். சுவிட்சர்லாந்து இதை மறைவில் செய்யாமல் மக்கள்முன் வைத்தே செய்துவரும் நாடு. அதனால்தான் அதன் தவறுகளும் நமக்குத் தெரிகின்றன.

1993-இல் எஃப்/ஏ-18 வாங்குவதைத் தடுக்க வந்த முன்மொழிவை மக்கள் தோற்கடித்தார்கள். 2014 மே மாதத்தில் சுவீடனின் 22 கிரிப்பன் விமானங்களை 310 கோடி பிராங்குக்கு வாங்கும் திட்டம் வந்தது, 53.4 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 2020 செப்டம்பர் 27-இல் மறுபடி வாக்கெடுப்பு. இந்த முறை வாக்குச்சீட்டில் விமானத்தின் பெயர் இல்லை. 600 கோடி பிராங்க் வரை செலவிட அனுமதி உண்டா என்பது மட்டுமே கேள்வி. 50.1 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். நாடு முழுவதற்குமான வாக்கு வித்தியாசம் 9,000-க்கும் குறைவு. 2021 ஜூன் 30-இல் அரசு 36 அமெரிக்க எஃப்-35ஏ விமானங்களைத் தேர்ந்தெடுத்தது. யூரோஃபைட்டர், ரஃபேல், சூப்பர் ஹார்னெட் மூன்றும் பின்தங்கின. 30 ஆண்டுக் கணக்கில் மொத்தச் செலவு சுமார் 1,550 கோடி பிராங்க். அடுத்து வந்ததைவிட இதுவே 200 கோடி மலிவு என்றது அரசு.

பெயரில்லாத வாக்குச்சீட்டுக்கு ஒரு நியாயம் சொல்லலாம். எந்த விமானம் சிறந்தது என்பது நிபுணர்கள் தீர்மானிக்க வேண்டியது. ரேடாரின் தரத்தைக் கைதூக்கி முடிவு செய்ய முடியாது. போட்டியில் இருப்பவர்களோடு பேரம் பேசும்போது கையிலிருப்பதை விரித்துக் காட்டவும் முடியாது. சரிதான். ஆனால் போர் விமானத்தின் பெயர் வெறும் தொழில்நுட்ப விவரமா? அந்தப் பெயருக்குள் எந்த நாட்டோடு அடுத்த 30 ஆண்டு கட்டுண்டு கிடக்கப்போகிறோம் என்ற அரசியல் முடிவும் இருக்கிறது. ஊடுருவித் தாக்கும் வல்லமையுள்ள விமானமா, எல்லைக் காவலுக்குப் போதுமான விமானமா என்ற நோக்கமும் இருக்கிறது. பயணிகள் விமானத்தின் பக்கத்தில் போய் இறக்கையை ஆட்டிக் காட்டும் வேலைக்கு, ரேடாரில் சிக்காத தன்மை எதற்கு? போருக்கென்றே வாங்குகிறோம் என்றால் அதை அப்படியே சொல்ல வேண்டும். காவல்துறை வேலையைக் காட்டிச் சம்மதம் வாங்கிவிட்டு, போர்க்கருவியை வாங்குவது முழுப் பொய்யல்ல; ஆனால் முழு உண்மையும் அல்ல.

அவசரமும் ஓர் அறப்பிரச்சினையே. எஃப்-35 வேண்டாம் என்று கேட்டு 1,00,000-க்கு மேற்பட்ட கையெழுத்துகள் 2022 ஆகஸ்டில் சேர்ப்பிக்கப்பட்டன. அடுத்த மாதமே அரசு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. காலக்கெடு முடிந்தால் விலை கூடும், வரிசையில் பின்னால் தள்ளப்படுவோம் என்றது. சட்டப்படி அதில் குற்றமில்லை. ஆனால் மக்களிடம் கேட்பதைத் தன் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நாட்டில், கேள்வி வாசற்படியில் நிற்கும்போதே கதவைச் சாத்தியது போல ஆயிற்று.

விலையின் கதை இதைவிடக் கசப்பானது. ‘விலை நிலையானது, கூடாது’ என்பது அரசு திரும்பத் திரும்பத் தந்த உறுதி. 2022-லேயே நாட்டின் தணிக்கை அலுவலகம், அந்த உறுதிக்குச் சட்டப் பிடிமானம் போதாது என்று எச்சரித்தது. 2025 ஜூனில் உண்மை வெளியே வந்தது. நிலையான விலை என்பது உங்கள் தரப்பின் தவறான புரிதல் என்று அமெரிக்கத் தரப்பு சொல்லிவிட்டது. கூடுதல் செலவு 65 கோடி முதல் 130 கோடி பிராங்க் வரை ஆகலாம் என்று அரசே அறிவித்தது. ஆண்டின் இறுதியில், மக்கள் அனுமதித்த பணத்துக்குள் எத்தனை விமானம் வருமோ அத்தனையே என்ற முடிவுக்கு வந்தது. 36 என்ற எண் போயிற்று.

சுவிஸ் மக்களுக்கு இது புதிதல்ல. 1961-இல் அவர்கள் நாடாளுமன்றம் 100 மிராஜ் விமானங்களுக்கு 87.1 கோடி பிராங்க் ஒதுக்கியது. பிரெஞ்சு விமானத்துக்குள் அமெரிக்க மின்னணுக் கருவிகளைப் பொருத்தி, தங்களுக்கேற்ப மாற்றி மாற்றி, 1964-இல் இன்னும் 57.6 கோடி வேண்டும் என்று வந்து நின்றார்கள். நாடாளுமன்றம் விசாரணைக் குழு அமைத்தது. 100 விமானங்கள் 57 ஆயின. விமானப்படைத் தளபதி பதவி இழந்தார். பாதுகாப்பு அமைச்சர் பால் ஷோடே 1966-இல் விலகினார். அன்று பட்ட சூடு அரை நூற்றாண்டில் ஆறிவிட்டது போலும்.

விலை உயர்வது மட்டும் அறக்கேடு ஆகாது. உலகில் எந்தப் பெரிய கொள்முதலும் சொன்ன விலைக்குள் முடிவது அரிது. தெரியாததைத் தெரியும் என்று சொன்னதே கேடு. ‘இவ்வளவு ஆகலாம், இதற்கு மேலும் போகலாம்’ என்று சொல்லியிருந்தால் 9,000 வாக்குகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும்? அந்தப் பயம்தான் உறுதிமொழியை இறுக்கமாக்கியது என்றால், அது வாக்காளரிடமிருந்து அவருடைய முடிவைப் பறிப்பதற்குச் சமம்.

இனி மிகப் பெரிய கேள்வி: சார்பு. யானையை விற்றுவிட்டு அங்குசத்துக்கு வழக்கு போடலாமா என்பார்கள். போர் விமான வணிகத்தில் வழக்கே வேறு மாதிரி. யானை வாங்கியவன் வீட்டில் நிற்கும். அங்குசம் விற்றவன் கையிலேயே இருக்கும். உதிரிபாகம், மென்பொருள் புதுப்பிப்பு, ஏவுகணை எல்லாவற்றுக்கும் அங்கேதான் போக வேண்டும். ஒரு பொத்தானை அழுத்தி விமானத்தை நிறுத்திவிட முடியுமா என்று 2025-இல் ஐரோப்பாவில் பெரிய விவாதம் நடந்தது. அப்படி எதுவும் இல்லை என்றது சுவிஸ் அரசு. இருக்கட்டும், உதிரிபாகத்தைத் தாமதித்தாலே போதுமே, பொத்தான் எதற்கு? அதே ஆண்டு, சுவிட்சர்லாந்து கேட்டிருந்த பேட்ரியாட் ஏவுகணை அமைப்புகள் உக்ரைனுக்கு முன்னுரிமை தருவதற்காகத் தள்ளிப்போயின. ஆகஸ்டில் சுவிஸ் பொருட்கள்மீது அமெரிக்கா 39 சதவீத வரி விதித்தது. நட்பு நாடு என்பது நிலையான விலையைப் போன்றதுதான். எழுதியிருக்கும், மாறவும் செய்யும்.

இதிலும் அவர்களுக்குப் பழைய பாடம் ஒன்று உண்டு. 1940 ஜூன் மாதம், ஜூரா மலைகளுக்கு மேலே சுவிஸ் விமானிகள் ஜெர்மானிய விமானங்களோடு மோதிச் சிலவற்றைச் சுட்டு வீழ்த்தினார்கள். அவர்கள் ஓட்டியது மெஸ்ஸர்ஷ்மிட் 109, ஜெர்மனியிடமே வாங்கியது. ஜெர்மனி மிரட்டியது. ஜூன் 20-இல் தளபதி ஆன்ரி கிசான், சொந்த வானத்தில் இனி வான்சண்டை கூடாது என்று உத்தரவிட்டார். விமானமும் இருந்தது, துணிவும் இருந்தது. இரண்டையும் தரையில் கட்டிப்போட்டது அந்த மிரட்டல். ஆனாலும் அந்த விமானங்கள் வீண் என்று சொல்லிவிட முடியாது. எல்லை மீறினால் விலை உண்டு என்பதை அவை ஒருமுறையாவது காட்டின. சிறிய நாட்டின் ஆயுதத்துக்கு இவ்வளவுதான் வலு. அதை மிகைப்படுத்தவும் வேண்டாம், இல்லையென்றும் சொல்ல வேண்டாம்.

சார்பில்லாத விமானம் சிறிய நாட்டுக்குக் கிடையாது. பிரான்சிடம் வாங்கினால் பிரான்ஸ். சுவீடனின் கிரிப்பனிலும் இயந்திரம் அமெரிக்க வடிவமைப்பு. வாங்காமலே இருந்தால் அண்டை நாடு. ஆக, சார்பைத் தவிர்ப்பது அறமாக முடியாது. முடியாததை யார்மீதும் கடமையாக்க முடியாது. யாரைச் சார்கிறோம், எதுவரை, அவர் கைவிட்டால் என்ன செய்வோம் என்பதை மக்களிடம் முன்கூட்டியே சொல்வது முடியும். அதுவே கடமை.

எந்த விமானம் என்பதில் இரு நேர்மையானவர்கள் வேறுபடலாம். பழைய விமானத்தில் விமானியை அனுப்பி உயிரோடு விளையாடக்கூடாது என்பவர் சொல்வதும் சரி; பள்ளத்தாக்குகளில் காது கிழியும் ஓசை வேண்டாம் என்பவர் சொல்வதும் சரி. வாங்குவதற்கு முன் எதற்கு, எவ்வளவு, யாரை நம்பி என்ற மூன்றுக்கும் விடை எழுத்தில் மக்கள்முன் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் வேறுபாட்டுக்கு இடமில்லை. தெரியாத இடத்தில் ‘தெரியாது’ என்றே எழுதியிருக்க வேண்டும்.

2020-இல் வாக்குச்சீட்டைப் பார்க்கும் வயதில்லாத குழந்தை ஒன்று பேயர்ன் விமானப்படைத் தளத்துக்கு அருகில் வளர்ந்துகொண்டிருக்கும். 2050-இல் அது வரி கட்டும். ஒருவேளை அந்த விமானத்தையே ஓட்டும். அதனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. அதன் பெயரில் வாக்களித்தவர்களிடமாவது உண்மையான விலையைச் சொல்லியிருக்கலாம்.