யாரு வூட்டுப் பொண்ணு

வைகாசியில் ஒரு சாயங்காலம். குள்ளஞ்சாவடியில் அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, போனில் இறக்கிய ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அத்தை முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள். ஓட்டெண்ணெய் பட்டுக் கறுத்த விரல்கள். பாட்டு பாதியில் இருக்கும்போது கட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“யாரு வூட்டுப் பொண்ணு இது?”

“அமெரிக்கா, அத்த.”

“ஊரக் கேக்கலடா. யாரு வூட்டுப் பொண்ணு?”

பெயரைச் சொன்னேன். ஜார்ஜியா டர்னர். அத்தை கட்டையை எடுத்துக்கொண்டாள். நான் சொன்னது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

கெண்டக்கி மாநிலத்தில் மிடில்ஸ்பரோ என்ற ஊர். 1937-இல் நாட்டுப் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் பதிவுக் கருவியோடு அங்கே போனபோது ஜார்ஜியாவுக்கு வயது 16. வாத்தியம் ஏதுமில்லாமல், வெறும் தொண்டையில், சீரழிந்த ஒரு பெண்ணின் புலம்பலைப் பாடினாள். அப்பா சுரங்கத் தொழிலாளி.

எனக்கு அந்தப் பாட்டு வேறு குரலில்தான் பழக்கம். எண்பதுகளில் நெய்வேலி டவுன்ஷிப்பில் பள்ளி நண்பன் வீட்டில் ஒரு கேசட் இருந்தது. அதில் ‘தி அனிமல்ஸ்’ குழு 1964-இல் பாடிய ‘தி ஹவுஸ் ஆஃப் த ரைசிங் சன்’. எங்கள் வீட்டில் டேப் ரெக்கார்டர் கிடையாது; பஸ் ஏறிப் போய்க் கேட்பேன். கேசட்டிலிருந்து கேசட்டுக்கு மாற்றி மாற்றி வந்த பதிவு. கடைசி அடி வருவதற்குள் நாடா தீர்ந்து ‘டக்’கென்று நின்றுவிடும். அந்தப் பாட்டே அப்படித்தான் முடியும் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.

முழுப் பாட்டையும் இறக்கிக் கேட்டபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அதற்கப்புறம் விடவில்லை; பின்னால் பின்னால் தேடிப் போனேன். 1962-இல் பாப் டிலன் தன் முதல் இசைத்தட்டில் பாடியிருந்தார். அதற்கும் பின்னால் ஜார்ஜியா. லோமாக்ஸ் 1941-இல் பாட்டைப் புத்தகத்தில் அச்சிட்டபோது அவள் பெயரைப் போட்டிருக்கிறார். அனிமல்ஸின் தட்டில் இசைக்கோர்ப்புக்கு ஆலன் பிரைஸ் என்ற ஒரே பெயர்தான். பாட்டுக்குள்ளிருந்த பெண்ணும் பையனாகிவிட்டாள். அவர்கள் நியூகாசில்காரர்கள், அதுவும் கரி எடுத்த வட்டாரம். மிடில்ஸ்பரோ, நியூகாசில், நெய்வேலி. இந்த மூன்றையும் மனம் ஏன் சேர்த்து வைத்துக்கொள்கிறது என்று புரியவில்லை.

யாரு வூட்டுப் பொண்ணு.

அப்பாவும் அத்தையும் பிறந்த ஊர் நெய்வேலிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது. ஊர் போனாலும் வீட்டுப் பெயர்கள் போகவில்லை. மேலண்டை வூடு, பனையடி வூடு, கெணத்து வூடு. கல்யாணத்தில் புதுமுகம் யாரைப் பார்த்தாலும் அத்தை முதலில் கேட்பது இதைத்தான். பதில் வந்ததும் அவள் முகத்தில் ஒரு தெரு திரும்பி வரும். ஜார்ஜியாவுக்கும் அப்படி ஒரு தெருவைத் தேடினாளோ என்னவோ.

அப்பா செத்த அன்று அத்தை ஒப்பாரி வைத்தாள். இல்லாத அந்த ஊரின் வீடுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழுதாள். கிணறு வந்தது, களம் வந்தது, நான் பார்த்தேயிராத ஒரு புளியமரம் வந்தது. சட்டைப்பையில் போன் இருந்தது. கடல் கடந்த பாட்டுகள் நூற்றுக்கணக்கில் அதில் கிடந்தன. அதை வெளியே எடுக்க எனக்குத் தோன்றவில்லை.

கல்லூரி நூலகத்தில் கி.வா.ஜகந்நாதனின் ‘மலையருவி’யைப் புரட்டியிருக்கிறேன். பெர்சி மாக்வீன் என்ற வெள்ளைக்கார அதிகாரி திரட்டிய நாட்டுப் பாடல்கள்; 1958-இல் நூலாக வந்தவை. நடவுப் பாட்டும் தாலாட்டும் அரைகுறையாய் ஞாபகம் இருக்கின்றன. பாடியவர்களில் ஒருவர் பெயர்கூட என் நினைவில் தங்கவில்லை.

திண்ணையில் ஜார்ஜியாவின் பாட்டைக் கேட்டதற்கு மறுநாள் அத்தையிடம் கேட்டேன். “அப்பாவுக்குப் பாடுனியே அத்த, அத இன்னொரு வாட்டி பாடேன். போன்ல புடிச்சு வெச்சுக்குறேன்.”

“சாவில்லாத வூட்ல ஒப்பாரி வெக்கக் கூடாதுடா.”

சாவு வந்தால்தான் அந்தப் பாட்டு. எங்களில் மூத்தவள் அத்தை. எல்லோரும் அழும்போது நான் பொத்தானை அமுக்குவேனா? அமுக்கத்தான் வேண்டுமா? லோமாக்ஸ் வராமல் இருந்திருந்தால் ஜார்ஜியாவின் குரல் இந்தத் திண்ணைக்கு வந்திருக்காது. ஆனால் அவர் போனது சாவு வீட்டுக்கல்ல.

நேற்று அத்தையே, “அந்தப் பொண்ணு பாட்ட வைடா” என்றாள். வைத்தேன். யாரு வூட்டுப் பொண்ணு என்று இந்த முறை கேட்கவில்லை. தனக்குள் ஏதோ ஒரு வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டாளா, கேட்டுப் பயனில்லை என்று விட்டுவிட்டாளா? முந்திரி உடையும் சத்தத்தில் பாட்டு முடிந்ததை நான் கவனிக்கவில்லை.