விட்டுப்போகும் மண்ணில் விதை எடுப்பது

மும்பை அணுசக்தி நகர் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் எவருக்கும் வீடு சொந்தமில்லை. வேலை உள்ளவரை இருக்கலாம். ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பவேண்டும். அது தெரிந்தும் தரைத்தளத்துச் சன்னலோரங்களில், பால்கனித் தொட்டிகளில் அவரையும் வெண்டையும் கத்தரியும் காய்க்கின்றன. சிலர் விதையும் எடுத்து வைக்கிறார்கள். நானும் எடுக்கிறேன். நிலைக்காத இடத்தில் அடுத்த பட்டத்துக்கு விதை சேர்ப்பதற்கு என்ன பொருள் என்ற கேள்வி வெகுநாளாக என்னோடு இருக்கிறது.

விதைக்கு விடுவதென்றால் நல்ல காயைத் தின்னக்கூடாது. நோயில்லாத செடியில் திரட்சியாக வந்த கத்தரிக்காயில் அடையாளத்துக்கு நூல் கட்டி, மஞ்சளாகி மெத்தென்று பழுக்கும்வரை விட்டுவிட வேண்டும். அவரையும் வெண்டையும் செடியிலேயே நெற்றாக வேண்டும். தக்காளி விதையைச் சாற்றோடு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டால்தான் அதன்மேலுள்ள வழவழப்பு கழன்றுவரும். பிறகு கழுவி, நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டி வைக்கலாம். வீரிய ஒட்டு இரகமாக இருந்தால் இத்தனையும் வீண். அதன் பிள்ளைகள் தாயைப்போல் வராது. ஊரில் ஆடிப்பட்டம் பார்த்துப் பழகியவர்கள் இங்கே கொஞ்சம் பொறுக்கவேண்டும். மும்பையில் ஆடியில் கொட்டும் மழை இளநாற்றை அழுகவைத்துவிடும்.

பூண்டு வேறு மாதிரி. அதற்குப் பல்தான் விதை. பருத்த பல்லாகப் பார்த்து ஐப்பசியில் ஊன்றினால் சில நாளில் முளைத்துவிடும். ஆனால் கிழங்கு திரண்டு பல்பல்லாகப் பிரியக் குளிர் வேண்டும். மும்பைக் குளிர்காலம் அதற்குப் போதாது. தாள்தான் கிடைக்கும். அதையும் நான் குறைவாக நினைப்பதில்லை. குஜராத்திகள் அந்தப் பச்சைத் தாளுக்காகவே குளிர்காலத்தை எதிர்பார்க்கிறார்கள், உந்தியு என்ற காய்கறிக் கலவையில் அள்ளிப் போடுகிறார்கள். விதைப்பூண்டு வேண்டுமென்றால் 2019 இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளையும் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கத்திலிருந்துதான் யாராவது கொண்டுவரவேண்டும். கத்தரியை டப்பாவில் காப்பாற்றிவிடலாம். பூண்டை, மலையோடு உள்ள உறவு அறாமல் இருந்தால்தான் காப்பாற்ற முடியும்.

முளைக்காமல் வைப்பதற்கும் ஒரு நியாயம் உண்டு. பாபா அணு ஆராய்ச்சி மையம் நாசிக் மாவட்டத்து லாசல்காவில் 2002 இல் தொடங்கிய நிலையத்தில் வெங்காயத்தின் மீது குறைந்த அளவில் காமா கதிர் படவிடுகிறார்கள். குருத்தின் உயிரணுக்கள் பிரிவது நின்றுபோக, வெங்காயம் முளைவிடாமல் நாட்படத் தாங்கும். பூண்டுக்கும் உருளைக்கும் இதே முறை செல்லும். உழவரின் விளைச்சல் கிடங்கில் கெட்டுப்போகாமல் காக்கும் இந்த வேலையை நான் மதிக்கிறேன். கதிர்வீச்சைக்கொண்டே, அந்த மையம் இருக்கும் டிராம்பேயில் புதுப் பயிர் இரகங்களும் உருவாக்கினார்கள். முதல் நிலக்கடலை இரகமான டிஜி-1 வெளிவந்தது 1973 இல். நிலக்கடலை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பது. ஆகவே உழவர் விதையைத் தாமே எடுத்து வைத்துக்கொள்ளலாம். எடுத்த விதையைச் சேமிக்க, விதைக்க, பகிர்ந்துகொள்ள அவர்களுக்குள்ள உரிமையை 2001 ஆம் ஆண்டுச் சட்டமும் எழுதி வைத்திருக்கிறது.

எங்கள் கட்டடத்தில் ஜல்காவைச் சேர்ந்த ஒரு குடும்பம் இருந்தது. வீட்டைக் காலிசெய்யும்போது அந்த அம்மா ஒரு காகிதப் பொட்டலத்தில் விதை கொடுத்துவிட்டுப் போனார். சுட்டுப் பிசைந்து பரித் செய்வதற்கென்றே அவர்கள் பக்கம் விளைகிற, வெளிர்பச்சை நிறத்துப் பெரிய கத்தரி அது. அந்தச் செடியில் எடுத்த விதை இப்போது கல்பாக்கத்துக்கு மாற்றலாகிப் போன ஒருவர் வீட்டிலும் காய்க்கிறது. அவருக்கு ஜல்காவ் குடும்பத்தைத் தெரியாது. நிலம் சொந்தமாக இருந்தால்தான் விதைக்கு உரியவராக முடியும் என்ற எண்ணம் எனக்கு அப்போது போயிற்று. சொல்லப்போனால், தன் தேவைக்கு மட்டும் பூட்டி வைப்பவரிடம்தான் விதை சாகிறது. இந்தக் கடற்கரை ஈரத்தில் கத்தரி விதையின் முளைப்புத்திறன் ஆண்டுக்காண்டு குறையும்.

கீழ்வீட்டுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்குப் பாதி விதையைக் கொடுத்திருக்கிறேன். பூண்டும் கேட்டார்கள். மலைப்பூண்டு விளையும் திண்டுக்கல் பக்கம் போகிறவர் திரும்பி வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.