கொடுக்கப்படாத பொருள்

நாட்டைக் காத்து முதுமையெய்திய படைவீரர்க்கு அரசு அளிக்கும் ஓய்வூதியம் பிச்சையன்று. அவர்தம் உழைப்பின் எஞ்சிய கூலியாகும். அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் ராம்ஜி சக்பாலும் சுபேதாராகப் பணியாற்றி ஓய்வூதியம் பெற்றவரே. அத்தகைய இல்லங்களில் அத்தொகையே பிள்ளைகளின் உணவும் கல்வியுமாம். அதில் ஒரு பங்கைத் தரகர் ஒருவர், “நான் முயன்றிராவிடில் உமக்கு ஒன்றும் கிடைத்திராது” என்று கூறிப் பெறுகிறார். வீரரும் தம் கையாலேயே கொடுக்கிறார். இது களவாகுமா?

“கேட்டார், கொடுத்தார், இதில் பறித்தல் எங்கே?” என வினவுவாரும் உளர். ஆயின் பஞ்சசீலத்தின் இரண்டாம் சீலம் ‘திருடாதே’ என்னும் அளவில் நிற்கவில்லை. கொடுக்கப்படாததை எடுத்துக்கொள்ளாமை என்று விரிந்து நிற்கிறது. கொடுத்தல் கையின் செயல் மட்டுமன்று, அறிவின் செயலுமாகும். முன்னாள் படைவீரர்க்கும் அவர்தம் கைம்பெண்களுக்கும் வழிகாட்டவே மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் உள்ளன. அவ்வுதவிக்குக் கட்டணமில்லை. இதனை அறிந்திருப்பின் அவ்வீரர் கொடுத்திருப்பாரோ? கொடுத்திரார். ஆகலின், பிறர் அறியாமையைக் கருவியாகக் கொண்டு பெற்ற பொருள் கொடுக்கப்பட்ட பொருளன்று.

சட்டமும் இக்கருத்திற்கு அரண் செய்கிறது. வழங்கும் நாள் வாராத ஓய்வூதியத்தை ஒருவர் முன்கூட்டியே விற்பினும், அடகு வைப்பினும், பிறர்க்கு எழுதிக் கொடுப்பினும் அது செல்லாது என்று 1871-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம் கூறுகிறது. இல்லாமையால் இட்ட கையொப்பம் மனமார்ந்த இசைவாகாது என்பதே இதன் உட்கிடையாகும்.

எனினும், எழுதிக் கொடுத்துக் கூலி பெறுவோரெல்லாம் கள்வரல்லர். “அங்கே இலவசமாகச் செய்து தருவர், என்னிடம் செய்தால் கூலி இவ்வளவு” என்று மறையாது உரைப்பவன் உழைப்பாளி. மறைப்பவனே கள்வன்.

இக்காலத்தில் வஞ்சகம் தொலைபேசி வழியாகவும் வருகிறது. ஓய்வூதியர் தாம் உயிருடன் இருப்பதற்கு ஆண்டுதோறும் சான்று அளித்தல் வேண்டும். 2014-ஆம் ஆண்டு முதல் ‘ஜீவன் பிரமாண்’ என்னும் மின்னணு முறையிலும் அதனை அளிக்கலாம். “உம் சான்று வந்து சேரவில்லை, ஓய்வூதியம் நின்றுவிடும், கைப்பேசிக்கு வந்த இரகசிய எண்ணைச் சொல்லும்” என்று ஒருவன் அலுவலர் போல அதட்டுகிறான். அஞ்சிய முதியவர் சொல்லிவிடுகிறார். வங்கியில் இருந்த பணம் போய்விடுகிறது. அவ்வெண்ணை எவர் கேட்பினும் கூறலாகாது. கூறிவிட்டால், காலந்தாழ்த்தாது 1930 என்னும் எண்ணில் முறையிடல் வேண்டும்.

ஏமாந்தவரோ நாணத்தால் வாய் திறப்பதில்லை. அந்நாணம் ஏமாற்றியவனுக்கன்றோ உரியது? இவற்றையெல்லாம் அறிந்த நாமும் வாளாவிருப்போமாயின், கள்வனுக்குக் காவல் நின்றவராவோம்.

ஆகவே, அன்பர்காள்! உங்கள் தெருவில் வாழும் முதிய வீரரிடமும், வீரரை இழந்த அம்மையாரிடமும் ஒரு நாழிகை அமர்ந்து, அவர்தம் தாள்களைப் படித்துக் காட்டுங்கள்; எதற்குப் பணம் வேண்டா என்பதை எடுத்துச் சொல்லுங்கள். கொடுக்கப்படாததை எடுக்காதிருத்தல் சீலம். அறிந்ததைக் கொடுத்தல் தானம். இரண்டும் சேர்ந்தே அறம் நிறைவுறும்.