இருப்பும் இடமும்

விண்டோஸ் கம்ப்யூட்டரில் கூகுள் டிரைவ் நிறுவியிருந்தால், அதிலுள்ள ஃபோல்டர் ஒன்றின் மேல் வலது கிளிக் செய்து, 'சென்ட் டு' போய் 'டெஸ்க்டாப்' என்று கொடுக்கலாம். திரையில் ஓர் ஐகான் வந்து உட்காரும். அதன் இடது கீழ் மூலையில் வளைந்த அம்புக்குறி ஒன்று தெரியும். உள்ளே எத்தனை ஜிபி படங்கள் கிடந்தாலும் இந்த ஐகானுக்கு ஒன்றிரண்டு கேபிதான், ஏனென்றால் அதில் இருப்பது முகவரி மட்டுமே. ஆனால் அதன் வழியே உள்ளே போய் ஒரு கடிதத்தில் ஒரு வரியைத் திருத்தினால், திருத்தம் எங்கோ ஒரு சர்வரிலுள்ள மூலத்தையே போய்ச் சேர்கிறது. அப்படியானால் அந்த ஃபோல்டர் திரையில் இருக்கிறதா, இல்லையா? உருவ வழிபாடு பற்றிய பழைய வழக்குக்கு இந்தக் கேள்வி உதவும் என்று நினைக்கிறேன்.

எங்கும் நிறைந்தவனை நட்டுவைத்த கல்லில் தேடுவதைச் சித்தர் சிவவாக்கியர் கடுமையாகச் சாடினார். அந்த மறுப்பை இன்று எடுத்தாள்பவர்கள் பலரும், ஓரிடத்தில் இருப்பது என்றால் அதற்குள் அடங்கியிருப்பது என்று கேட்காமலே வைத்துக்கொள்கிறார்கள். ஷார்ட்கட்டில் இது பொய்த்துப்போகிறது. பத்துத் திரைகளில் அதே ஃபோல்டர் திறக்கும், பத்துத் துண்டாவதில்லை. கோயிலைச் சிவனெனவே தொழச் சொல்லும், சைவ சித்தாந்தி மெய்கண்டாரின் பன்னிரண்டாம் சூத்திரமும் கல் கடவுளை அடைத்துவைத்திருப்பதாகச் சொல்லவில்லை. வழக்கமும் இதற்குச் சாட்சி. திருப்பணி தொடங்கினால் மூலவரின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றி, பாலாலயத்தில் பூஜையைத் தொடர்கிறார்கள். குடமுழுக்கில் மறுபடி மூலவருக்கே சேர்க்கிறார்கள். மஞ்சளில் பிடித்த பிள்ளையாரைப் பூஜை முடிந்ததும் சற்றே வடக்கே நகர்த்தி யதாஸ்தானம் செய்துவிட்டால், அதாவது அவரை அவரிடத்துக்கே அனுப்பிவிட்டால், மஞ்சளைக் கரைத்துவிடலாம். பிள்ளையார் குறைந்துபோனார் என்று யாரும் நினைப்பதில்லை.

கோயில் உருவத்தை ஷார்ட்கட்டோடு ஒப்பிடுவதை வைணவர் ஏற்கமாட்டார். ஸ்ரீரங்கத்தில் பள்ளிகொண்டிருப்பவர் பெருமாளின் முகவரியா? அவரே பெருமாள், அர்ச்சை என்னும் கோயில் உருவத்திலும் அவர் பூரணம் என்பது அவர்கள் கொள்கை. இந்த மறுப்பு வலுவானது. கூகுள் டிரைவில் ஒரு காலத்தில் ஒரே ஃபைல் பல ஃபோல்டர்களில் தானே இருக்க முடிந்தது. 2020 செப்டம்பர் 30 முதல் புதிதாக அப்படி வைக்க வழியில்லை, ஓரிடம்தான் அதன் இடம், மற்றவை ஷார்ட்கட். வைணவர் சொல்லும் இருப்பு அந்தப் பழைய ஏற்பாட்டுக்குத்தான் நெருக்கம். அங்கே இது அசல், அது வழி என்ற பேதமே கிடையாது. ஆகவே என் உவமை அவ்வளவு தூரம் போகாது. ஆனாலும் இருப்புக்கு அடங்கல் தேவையில்லை என்ற என் வாதத்தை அவர்கள் கொள்கை இன்னும் உறுதியாக்கவே செய்கிறது.

ஷார்ட்கட்டைத் திறந்து பார்த்துச் சோதிக்கலாம், கல்லை எப்படிச் சோதிப்பது என்று நாத்திகர் கேட்பார். நியாயமான கேள்வி. கடவுள் உண்டு என்று இந்த வாதம் நிறுவவில்லை. எல்லையற்றது கல்லில் இருக்க முடியாது என்ற ஒரு மறுப்பை மட்டுமே நீக்குகிறது. சிவவாக்கியருக்குரிய நியாயமும் இதே உவமைக்குள் இருக்கிறது. மூல ஃபோல்டரை யாராவது அழித்துவிட்டாலும் டெஸ்க்டாப்பில் ஐகான் அப்படியே நிற்கும், அம்புக்குறி உட்பட. திறந்து பார்க்காதவருக்கு வித்தியாசமே தெரியாது. கல்லைத் துடைத்து அலங்கரிப்பதோடு நின்று, அதன் வழியே போக ஒருபோதும் முயலாதவர்களைப் பற்றி அவர் கோபப்பட்டது சரிதான்.