கூலி கொடுத்தால் கடன் தீருமா?

ஒரு தேசத்தில் பிறவாதவர்கள் அத்தேசத்தின் செல்வத்தைப் பெருக்கினால், அத்தேசம் அவர்களுக்குப் பட்டிருக்கும் கடன் என்ன? "வேலைக்கு வந்தார்கள், கூலி பெற்றார்கள், கணக்குத் தீர்ந்தது" என்று சொல்வோர் உண்டு. நியாயம்போல் தோன்றும் இவ்வார்த்தையைச் சற்று நிறுத்துப் பார்ப்போம். அதற்கு இலங்கை மலைநாட்டைவிடப் பொருத்தமான உதாரணம் நமக்கு வேறில்லை. ஏனெனில், அங்கு போனவர்கள் நம்மவர்களே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் முதலிய சீமைகளிலிருந்து, பஞ்சமும் கடனும் துரத்த, ஏழை ஜனங்கள் கங்காணியின் பின்னே கடல் தாண்டினார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மாண்டவர் அநேகர். காடழித்துக் கோப்பி நட்டவர்கள் அவர்கள். 1869-ல் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தபின், மலைச்சரிவுகளைத் தேயிலையால் மூடியவர்களும் அவர்களே. கோப்பிக்குப் பருவத்தில் மட்டும் ஆள் வேண்டும். தேயிலைக்கோ ஆண்டு முழுதும் கொழுந்து எடுக்க வேண்டும். ஆகவே, வந்தவர்கள் குடும்பத்தோடு லயன்களில் தங்கினார்கள். அங்கேயே பிள்ளைகளைப் பெற்றார்கள். அங்கேயே பெற்றோரை அடக்கம் செய்தார்கள்.

1950-களில் இலங்கையின் ஏற்றுமதி வருவாயில் பாதிக்கு மேல் தேயிலையால் வந்தது. அவ்வருவாயிலிருந்து கிடைத்த வரிப்பணம் இலவசக் கல்விக்கும், ஆஸ்பத்திரிக்கும், பங்கீட்டு அரிசிக்கும் உதவிற்று. ஆனால், கொழுந்து எடுத்தவளின் பிள்ளைக்குக் கிடைத்ததோ பெரும்பாலும் தோட்டத்துச் சிறு பள்ளிதான். 1948-ம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று; அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று! எஞ்சியவர்களின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003-ல்தான் வந்தது.

ஒரு நாட்டுக்குத் தன் வாசலைக் காக்கும் உரிமை உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால், வாசலைத் திறந்து அழைத்து, மூன்று தலைமுறை உழைப்பை வாங்கிக்கொண்டபின், "நீ யார்?" என்று கேட்பது காவலாகுமா? கூலி அன்றைய நாளின் வேலைக்கு ஈடு, ஆயுளுக்கு ஈடாகாது. கைகளை மட்டும் வரவழைக்க முடியாது. கைகளோடு மனிதனும் வருகிறான்.

இவ்விடத்தில் இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். "இவர்களால் இவ்வளவு இலாபம், ஆகையால் இவர்களை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று வாதாடுவது உண்மையேயானாலும், அது பாதி உண்மை. இலாபமே அளவுகோலானால், விரல் மரத்துக் கொழுந்து கிள்ள இயலாத கிழவிக்கு என்ன உரிமை மிஞ்சும்? செய்த உழைப்புக்கு நன்றி செலுத்துவது நீதி. ஆனால், மனிதனை மனிதனாக மதிப்பது அந்த நன்றிக்கும் முந்திய கடமை. சர்வேசுரன் தந்த மேன்மைக்குச் சம்பளப் பட்டியலில் அத்தாட்சி தேட வேண்டியதில்லை.

பிறரைக் குற்றஞ்சாட்டுவது எளிது. தாயகம் திரும்பியோரை நாம் எப்படி வரவேற்றோம்? அங்கே இந்தியர் என்று விலக்கப்பட்டவர்கள், இங்கே நீலகிரியில் "சிலோன்காரர்" என்று அழைக்கப்பட்டார்கள். இன்றோ ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் வாலிபர்கள் நம் கட்டடங்களில் செங்கல் சுமக்கிறார்கள். நம் ஆலைகளில் இரவுக் காவல் காக்கிறார்கள். நம் பிள்ளைகள் அவர்களை "வடக்கன்" என்று ஏளனம் செய்யும்போது நாமும் சேர்ந்து சிரிக்கிறோமா? மலைநாட்டில் நம்மவர்களைத் "தோட்டக்காட்டான்" என்று இகழ்ந்த நாவும் இப்படித்தான் பழகியிருக்கும்.

ஆகையால், பெற்றோரே, உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அந்நியனுக்குப் பேசிய கூலியைக் குறையாமல், தாமதியாமல் கொடுங்கள். அவன் பெயரைக் கேட்டறிந்து, அப்பெயரால் அழைக்க உங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். அவன் நோயுற்றால் எங்கே படுத்திருக்கிறான் என்று விசாரியுங்கள். இதற்குச் சட்டம் எதுவும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.